தள்ளிவிட்டாலும் திரும்பி வந்தவை

2016 ஜனவரி 11, திங்கட்கிழமை. பொங்கலுக்கு நான்கே நாள். அன்று சாயங்காலம் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுப் பக்கம் கரையை ஒட்டிக் கருப்புக் கருப்பாகப் பெரிய உருவங்கள் கூட்டமாக வருவதை மீனவர்கள் பார்த்தார்கள். சில அலையோடு வந்து மணலில் தட்டி நின்றன. ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கித் தள்ளிவிட்டார்கள். போனவை திரும்பி வந்தன. மறுபடியும் தள்ளினார்கள். மறுபடியும் வந்தன.

மறுநாள் விடிந்தபோது மணப்பாடு, குலசேகரன்பட்டினம், கல்லாமொழி, ஆலந்தலை என்று திருச்செந்தூர் வரைக்கும் சுமார் 15 கிலோமீட்டர் கடற்கரையில் அங்கங்கே திமிங்கலங்கள் கிடந்தன. எண்பதுக்கும் மேல். வனத்துறை, மீன்வளத்துறை, மீனவர்கள், செய்தி கேட்டு ஓடிவந்த சுற்றுவட்டார ஜனங்கள் என்று எல்லோரும் கரையில்தான் இருந்தார்கள். படகில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டதும் நடந்தது. இருந்தும் பாதிக்கு மேல் செத்துவிட்டன. பொக்லைன் வைத்துக் கரையிலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள்.

இது முதல் தடவை இல்லை. 1973லும் அதே ஜனவரி மாதம், அதே மன்னார் வளைகுடாக் கரை, அதே இனம். அப்போது கரையேறியவை 147 என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். இடையில் 43 வருடம். இந்தியக் கரையில் இத்தனை பெரிய கூட்டம் ஒருசேர ஒதுங்குவது அரிது. அப்படியிருக்க, ஒரே கரையில் இரண்டு முறை நடந்திருக்கிறது. அதனால்தான் இதை வெறும் பழைய செய்தியாக என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு ஊர் உடன்குடிப் பக்கம். தேரிமண், பனை, கருப்பட்டி என்று வளர்ந்தவர்களுக்கும் கடல் ஒன்றும் தூரம் இல்லை. மணப்பாட்டு மணல்மேட்டில் சிலுவைக் கோயில் வாசலில் நின்று பார்த்தால் மூன்று பக்கமும் தண்ணீர்தான். கீழே மணல் நாக்குப் போல நீண்டு, உள்ளே கழியை வளைத்துப் பிடித்திருக்கும். இந்தக் கரைக்கு வந்து செத்த மிருகங்களைப் பற்றி நான் தேடிப் படித்ததையும், கேட்டதையும், எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நீளமாகத்தான் போகும்.

முதலில் இந்தக் கடலைப் பற்றிக் கொஞ்சம். ராமேஸ்வரத்துக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடா ஆழமே இல்லாத கடல். பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர்தான். தெற்கே மன்னார் வளைகுடா அப்படியில்லை. கரையோரம் பவளப்பாறை, கடற்புல், 21 தீவுகள் என்று ஆழங்குறைந்த கடல். அதைத் தாண்டினால் தரை சரிந்து இறங்கி ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய்விடும். ஆகவே இங்கே இரண்டு விதமான ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், உண்டு. கரையை விட்டு அகலாதவை ஒரு வகை. முதுகில் திமில் போன்ற மேட்டின் மீது துடுப்பு வைத்த கூன்முதுகு ஓங்கில் அதில் ஒன்று. முப்பது மீட்டர் ஆழத்துக்கு அப்பால் அதைப் பார்ப்பதே அபூர்வம். ஆற்று முகத்துவாரம், கழிமுகம், துறைமுக வாசல் என்று மனிதர் புழங்கும் இடத்தில்தான் அதற்கும் பிழைப்பு. அதன் மொத்த உலகமும் நம் கரையோரத் தண்ணீர்தான். இன்னொரு வகை ஆழக்கடல்காரர்கள். ஆழம் விழுகிற விளிம்பில் இரை தேடுபவை. கரைப்பக்கம் வர அவற்றுக்கு வேலையே கிடையாது. 2016இல் வந்தவை இந்த இரண்டாவது வகை.

குறுந்துடுப்பு பைலட் திமிங்கலம் என்று அதற்குப் பெயர். திமிங்கலம் என்று அழைத்தாலும் உயிரியல் கணக்கில் ஓங்கில் குடும்பம். உடம்பு முழுக்கக் கருப்பு, நெற்றி உருண்டு முன்னால் தள்ளியிருக்கும், முதுகுத்துடுப்பு அடி அகன்று பின்னால் வளைந்திருக்கும். பெண் நாலு ஐந்து மீட்டர், ஆண் அதைவிட நீளம். பெரிய ஆண் மூன்று டன் வரை நிற்கும். சாப்பாடு பெரும்பாலும் கணவாய்.

அந்தக் கணவாயை அது பிடிக்கிற விதம் கேட்டால் மலைப்பாக இருக்கும். கானரித் தீவுகளில் ஒன்றான டெனரிஃபே பக்கம் இந்த இனத்தின் உடம்பில் உறிஞ்சு கிண்ணத்தால் சிறு பதிவுக் கருவி ஒட்டி ஆராய்ந்தவர்கள் 2008இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பகலில் அவை ஆயிரம் மீட்டர் வரை முங்குகின்றன. அந்த இருட்டில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரையைத் துரத்தி வினாடிக்கு 9 மீட்டர் வேகம் வரை பாய்கின்றன. ஆழமாக முங்குகிற மற்றத் திமிங்கலங்கள் காற்றை மிச்சம் பிடிக்க மெதுவாகப் போகும். இது இருக்கிற காற்றையெல்லாம் ஒரே ஓட்டத்தில் செலவழிக்கும் இனம். பெரிய கணவாய் ஒன்று மாட்டினால் அதற்குக் கட்டுபடியாகிறது போலும். இப்படி ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஓடிப் பிடித்துச் சாப்பிட்ட உயிர் நம் கரையில் முழங்கால் தண்ணீரில் கிடந்தது என்பதை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இனி ஆச்சிமார் கதை. எனக்கு இதுதான் முக்கியம்.

ஜப்பானில் டைஜி என்ற ஊரில் இந்தத் திமிங்கலங்களைக் கூட்டமாகக் கரைக்கு ஓட்டிக் கொல்லும் வேட்டை உண்டு. அப்படிக் கொல்லப்பட்ட கூட்டங்களின் உடல்களை தொஷியோ கசுயா என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் ஹெலீன் மார்ஷ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானியும் ஆராய்ந்தார்கள். மரத்தில் வளையம் எண்ணுவது மாதிரி பல்லைக் குறுக்கே வெட்டி அடுக்கு எண்ணினால் வயது தெரியும். கருப்பையையும் சினைப்பையையும் பார்த்தால் எத்தனை முறை சூல்கொண்டது என்பது தெரியும். இதையெல்லாம் வைத்து 1984இல் அவர்கள் எழுதியது அப்போது புதுச் செய்தி. இந்த இனத்தில் பெண்கள் நாற்பது வயதுக்குள் ஈனுவதை நிறுத்திவிடுகின்றன. அதற்குப் பிறகும் சாவதில்லை. பல வருடம் வாழ்கின்றன, அறுபதைத் தாண்டிய கிழவிகளும் இருக்கின்றன. ஆண்களுக்கு ஆயுள் அதைவிடக் குறைவு. அந்தச் செத்த கூட்டங்களிலிருந்துதான் இந்த அறிவு வந்தது என்பது மனதைப் பிசைகிறது.

மிருக உலகில் மாதவிடாய் நின்றபின் நீண்ட காலம் வாழும் பெண்கள் மிக மிக அரிது. மனிதர்களை விட்டால் பல்லுள்ள திமிங்கலங்களில் ஐந்து இனங்களுக்கு அது உறுதியாகியிருக்கிறது: குறுந்துடுப்பு பைலட் திமிங்கலம், கொலைத் திமிங்கலம் எனப்படும் ஓர்க்கா, போலிக் கொலைத் திமிங்கலம், நார்வால், பெலூகா. ஏன் இந்தக் கிழவிகள் இருக்கிறார்கள்? ஓர்க்காக்களில் இதற்கு விடை ஓரளவு கிடைத்திருக்கிறது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் பல பத்தாண்டுகளாக ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்துப் பார்த்து வந்த கணக்கில், பாட்டி உயிரோடு இருக்கும் குட்டிகள் பிழைப்பது அதிகம் என்று தெரிந்தது. சால்மன் மீன் குறைந்த பஞ்ச காலத்தில் அந்த வித்தியாசம் இன்னும் கூடுகிறது. இரை எங்கே எப்போது கிடைக்கும் என்பது ஆச்சிக்குத் தெரியும். பைலட் திமிங்கலத்திலும் கூட்டம் தாய்வழியாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது. குட்டி ரொம்ப வருடம் பால் குடிக்கும். வளர்ந்தபிறகும் தாயின் கூட்டத்தை விட்டு எளிதில் போவதில்லை.

இந்த அளவு ஒட்டுதல் உள்ள உயிர்கள் கரைக்கு வந்தால் கூட்டமாகத்தான் வரும். ஒன்று சீக்காகி ஒதுங்கினால் மற்றவை அதை விட்டுவிட்டுப் போகாமல் பின்னாலேயே வந்து மாட்டிக்கொள்கின்றன என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். 2016இல் தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் இதைத்தான் அதிகம் சொன்னார்கள். கூடவே நிலநடுக்கம், கப்பல் சோனார் என்று ஊகங்கள் பறந்தன. சோனாரால் திமிங்கலம் ஒதுங்கும் என்பது வெறும் கதை இல்லை. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் அமெரிக்கக் கடற்படை சோனார் பயிற்சி நடத்தியதைத் தொடர்ந்து பல திமிங்கலங்கள் கரையேறின; தன் சோனாருக்கு அதில் பங்கு உண்டு என்பதைக் கடற்படையே ஒப்புக்கொண்டது. அங்கே பெரும்பாலும் அலகுத் திமிங்கலங்கள். மணப்பாட்டில் அப்படி ஒரு பயிற்சி நடந்ததற்கு எந்தச் சான்றும் வெளியானதில்லை. எடுத்த எடுப்பில் சோனார் மேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கரையின் வடிவத்துக்கு இதில் பங்கு இருக்கிறது என்பதை நான் நம்புகிறேன். ஓங்கில்களும் பல்லுள்ள திமிங்கலங்களும் ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பி அதன் எதிரொலியை வைத்துத்தான் வழி பார்க்கின்றன. செங்குத்தான பாறைக்கரை ஒலியை நேராகத் திருப்பி அனுப்பும். மிக மெல்லிய சரிவோடு ஏறுகிற மணல்தரை அப்படியில்லை. ஒலி சின்னக் கோணத்தில் தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே பட்டுப் பட்டு மங்கிவிடுகிறது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, திமிங்கலங்கள் அடிக்கடி ஒதுங்கும் இடமும் எதிரொலி செத்துப்போகும் இடமும் பொருந்துவதைக் கணக்கிட்டுக் காட்டியது. முன்னால் திறந்த கடல் இருக்கிறது என்றே அதன் காது சொல்லும். வயிறு மணலில் தட்டியபிறகுதான் கரை என்று தெரியும். ஆழமாகக் கிடக்கிற கடல், திடீரென்று சரிவு குறைந்த மணற்கரை, முன்னால் நீட்டிக்கொண்டு வளைந்த ஒரு மணல்முனை: உலகத்தில் அடிக்கடி கூட்டமாகக் கரையேறும் இடங்களில் பலவற்றுக்கு இந்த ஜாடை உண்டு. நியூஸிலாந்தின் ஃபேர்வெல் ஸ்பிட், அமெரிக்காவின் கேப் காட். சிறிய அளவில் மணப்பாடும் அந்த ஜாடைதான்.

‘குடும்பப் பாசத்தால் சாகின்றன’ என்ற கதைக்கு 2013இல் ஒரு பெரிய திருத்தம் வந்தது. நியூஸிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் 12 முறை ஒதுங்கிய கூட்டங்களிலிருந்து 490 பைலட் திமிங்கலங்களின் மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். அவை நீண்டதுடுப்பு இனம், இதற்கு நெருங்கிய சொந்தம். ஒரே தாய்வழிக் குடும்பம்தான் கரையேறியிருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் பெரும்பாலான கூட்டங்களில் பல தாய்வழிகள் கலந்திருந்தன. அதைவிட முக்கியம், கரையில் கிடந்த குட்டியும் அதன் தாயும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. தாய் எங்கேயோ, குட்டி எங்கேயோ. பல குட்டிகளுக்குத் தாயே அந்தக் கூட்டத்தில் அகப்படவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு மணப்பாடு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. கரையேறுவதற்கு முன்பே கூட்டம் உடைந்திருக்கலாம். இணை தேடியோ இரை தேடியோ பல குடும்பங்கள் கலந்த இடத்தில் குழப்பம் வந்து, அவரவர் சொந்தத்தைத் தவறவிட்டிருக்கலாம். அப்படியென்றால் ஒரு திமிங்கலத்தைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டதும் அது ஏன் திரும்பி வருகிறது என்பதற்கும் ஒரு விடை கிடைக்கிறது. அதன் குட்டியோ தாயோ அரைக் கிலோமீட்டர் தள்ளி மணலில் கிடக்கிறது. பக்கத்தில் கிடப்பதைத் தள்ளிவிட்டு என்ன பயன்?

மணப்பாட்டில் வள்ளம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இதைப் பேசினேன். அந்த ராத்திரி தண்ணீரில் நின்றவர். படித்ததை நான் சொல்லி முடிக்குமுன்னே அவரே சொன்னார்: “தள்ளிவிட்டா நேரா போவும். போயிக்கிட்டே இருந்துட்டு ஒரு எடத்துல நின்னு தலையத் திருப்பும். இங்கெ கெடக்குறது கத்துதுல்லா, அதக் கேட்டுட்டு வருது. எல்லாத்தையும் ஒண்ணா விட்டாத்தான் போவும்னு அப்பமே சொன்னோம். ஆனா ராத்திரி, இருட்டு. பதினஞ்சு கிலோமீட்டர்ல எது எங்கெ கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?”

ஆய்வுக் கட்டுரை பத்துப் பக்கத்தில் சொன்னதற்குப் பக்கத்தில் அவர் பேச்சை அப்படியே வைக்கலாம்.

கரையில் கிடக்கும்போது உடம்புக்கு என்ன ஆகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். திமிங்கலம் நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும் உயிர், அதனால் காற்றில் கிடந்தால் உடனே சாகாது. அதன் எடைதான் அதைக் கொல்லும். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு மூன்று டன் உடம்பு மணலில் தன்னையே நசுக்குகிறது. நுரையீரல் விரிய முடியாமல் மூச்சு திணறும். நசுங்கிய தசை சிதைந்து அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். குளிர்ந்த ஆழத்துக்காகப் போர்த்திய கொழுப்புப் படலம் வெயிலில் கம்பளியாகிவிடும். உள்சூடு ஏறிக்கொண்டே போகும். தோல் வெயிலில் வெந்து கொப்புளிக்கும். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் அலை ஏறும்போது தலை உச்சியில் இருக்கும் மூச்சுத்துளைக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கியே சாகும். பல மணி நேரம் கிடந்தபின் கடலுக்குத் திருப்பி அனுப்பினாலும் உள்ளே ஏற்பட்ட சேதத்தால் பிற்பாடு சாகிறவை உண்டு. ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

நியூஸிலாந்துக்காரர்களுக்கு இதில் நெடுங்காலப் பழக்கம். 2017 பிப்ரவரியில் ஃபேர்வெல் ஸ்பிட்டில் நானூறுக்கும் மேல் பைலட் திமிங்கலங்கள் ஒரே ராத்திரியில் ஏறின. கண்டுபிடித்தபோதே பெரும்பாலானவை செத்திருந்தன. மீதியைக் காப்பாற்ற நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் வந்தார்கள். அலை ஏறியதும் மிதக்கவிட்டு, அவை மறுபடி கரைக்குத் திரும்பாமலிருக்க இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து வரிசையாக நின்றார்கள். அப்படியும் பல திரும்பி வந்து மறுபடி கரையேறின. அவர்கள் கடைப்பிடிக்கும் முறை இது: எதையும் தனியாக அனுப்பாதே, மிதக்க ஆரம்பித்ததைப் பிடித்துவைத்துக்கொள், இடமும் வலமுமாக ஆட்டி உடம்பின் சமநிலை திரும்பும் வரை பொறு, கூட்டம் சேர்ந்ததும் ஒருசேர விடு.

ஆனால் அங்கே கடல் ஏற்ற இறக்கம் மூன்று நான்கு மீட்டர். திமிங்கலத்தை ஈரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தால் அடுத்த ஏற்றத்தில் கடலே வந்து தூக்கிக்கொள்ளும். நம் தூத்துக்குடிக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. இங்கே கடல் வந்து தூக்காது. நாம்தான் தூக்க வேண்டும், அல்லது படகு வைத்து இழுக்க வேண்டும். வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் இந்த ஓர் இடத்தில் வழி தெரியாமல் நிற்போம்.

நமக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2020 நவம்பர் 2ஆம் தேதி இலங்கையின் மேற்குக் கரையில், கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் நூறுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையேறின. கொரோனா ஊரடங்கு அமலில் இருந்த நேரம். இலங்கைக் கடற்படை, கடலோரக் காவல்படை, உள்ளூர் இளைஞர்கள், நீர்ச்சறுக்குப் பைக் வைத்திருந்த தன்னார்வலர்கள் எல்லோரும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்றார்கள். கையால் தள்ளியும், நீர்ச்சறுக்குப் பைக்கில் கட்டி இழுத்தும் விடிவதற்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆழத்துக்குக் கொண்டுபோனார்கள். செத்தவை ஒரு கை விரலில் எண்ணிவிடக் கூடியவை. பாணந்துறையிலும் ஏற்ற இறக்கம் நம் கரையைப் போலச் சிறியதுதான். இது நடக்கிற காரியமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல இந்த ஒரு பதில் போதும்.

அங்கேயும் ஒவ்வொன்றாகத்தானே இழுத்தார்கள் என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் நூறும் ஒரே கரையில் கிடந்தன, ஒரே ராத்திரிக்குள் எல்லாம் வெளியே போயின. முதலில் போனது திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். மணப்பாட்டில் 15 கிலோமீட்டரில் சிதறிக் கிடந்தன. இங்கே இருபது, அங்கே ஒன்பது, இன்னொரு ஊரில் நாலு. எங்கள் ஜனங்களின் உழைப்பு பாணந்துறையை விட ஒரு துளியும் குறைந்ததில்லை. குறைந்தது, மொத்தக் கரையையும் ஒருசேரப் பார்த்து, எது எங்கே கிடக்கிறது, எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்ல ஓர் ஏற்பாடு.

கரையேறிச் சாவது கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் சாவது அதைவிட எத்தனையோ மடங்கு. 2020இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடல் முழுக்கச் சூரை மீனுக்குப் போடும் செவுள்வலைகளில் சிக்கிச் செத்த ஓங்கில் வகைகள் சுமார் 41 லட்சம். யாரும் ஓங்கிலைப் பிடிக்க வலை போடவில்லை. தங்கூசி வலை தண்ணீரில் கண்ணுக்கும் தெரியாது, ஒலிக்கும் லேசில் சிக்காது. சூரை போகும் இடத்தில்தான் ஓங்கிலும் போகும். மாட்டினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சாகும். மீனவருக்கும் நஷ்டம்தான், வலை கிழிந்தால் அந்த மாதச் சம்பாத்தியம் போச்சு. இதை மீனவர்கள் மேல் சுமத்தும் குற்றமாக எழுத எனக்கு மனம் இல்லை. வலையில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவி, வலையை நீர்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் தாழ்த்திப் போடுவது என்று வழிகள் உலகத்தில் சோதிக்கப்பட்டிருக்கின்றன; தாழ்த்திப் போடுவதில் மீன்வரத்து அதிகம் குறையாமல் ஓங்கில் சிக்குவது நன்றாகக் குறைந்தது என்று பாகிஸ்தான் கடலில் பார்த்திருக்கிறார்கள். இங்கே அதற்கு ஆகும் செலவை அரசு ஏற்றுக்கொண்டு செய்யலாம்.

   

எங்கள் கரை மாறிக்கொண்டிருக்கிறது. கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கக் கடலுக்குள் பாலம் போட்டுத் துறை கட்டினார்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. வடக்கே தூத்துக்குடித் துறைமுகம் விரிகிறது. வேலை வரட்டும், ஊர் வளரட்டும். ஆனால் கப்பல் கூடினால் கடலுக்கடியில் இரைச்சலும் கூடும்; காதால் வாழும் உயிர்களுக்கு அது புகை மண்டிய வீடு. இந்தத் திட்டங்களுக்குச் செலவாகும் பணத்தில் நூலளவு எடுத்தால்கூட இந்தக் கரைக்கு ஒரு மீட்புக்குழு வைத்துவிடலாம்.

வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. 2021 ஜனவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், கரையொதுங்கும் பெரிய கடல் உயிர்களை எப்படிக் கையாள வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டது. அது தமிழில், படத்தோடு, பெரியதாழையிலிருந்து வீரபாண்டியன்பட்டினம் வரை ஒவ்வொரு மீனவர் ஊர்க் கமிட்டியிலும் சுவரில் ஒட்டப்பட வேண்டும் என்பதே என் ஆசை. கூடவே பெரிய தார்ப்பாய், அகலப் பட்டைக் கயிறு, காற்றடைத்த மிதவை, இரவு விளக்கு. ஜனவரி மாதம் வாடைக்காற்று அடிக்கும்போது ஒருமுறை ஒத்திகை. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடல் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன, ஆள் இருக்கிறது, படகு இருக்கிறது, எல்லாவற்றையும் விட ராத்திரி தண்ணீரில் இறங்கத் தயங்காத ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கோத்துவிட வேண்டியதுதான் பாக்கி.

அதுவரைக்கும், இதைப் படிக்கிற நம் கரைக்காரர்கள் யாராவது அடுத்த முறை அங்கே நின்றால் உதவும் என்று எழுதுகிறேன். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகெலும்பு முறியும். துடுப்பையும் பிடிக்காதீர்கள். சாய்ந்து கிடந்தால் வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்துங்கள். பக்கத்துடுப்புகளுக்கு அடியில் மணலைத் தோண்டிப் பள்ளம் விட்டால் அழுத்தம் குறையும். ஈரத்துணி போட்டு மூடுங்கள், ஆனால் மூச்சுத்துளையை மூடாதீர்கள், அதில் தண்ணீரோ மணலோ விழாமல் ஒருவர் காவல் இருக்கட்டும். துடுப்பிலும் வாலிலும் தொடர்ந்து தண்ணீர் ஊற்றுங்கள், உடம்புச்சூடு அங்கேதான் வெளியேறும். வால்பக்கம் நிற்காதீர்கள், ஒரு அடி பட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். அது மூச்சுவிடும்போது முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள், நோய் தொற்றலாம். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். செல்ஃபி வேண்டாம், சத்தம் வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது தகவல் சொல்வது. கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. எங்கள் மீனவர்களுக்கு இரண்டும் மனப்பாடம். சொல்லும்போது ஒன்றா கூட்டமா என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கூட்டம் என்றால் கண்முன் கிடப்பதைத் தள்ள ஆரம்பிப்பதற்கு முன் கரையின் இரண்டு பக்கமும் பைக்கில் ஆள் அனுப்புங்கள். ஐந்து கிலோமீட்டர், பத்துக் கிலோமீட்டர் போய், எந்தெந்த ஊர்க்கரையில் எத்தனை கிடக்கின்றன, அதில் குட்டி எத்தனை என்று எண்ணிக்கொண்டு வரட்டும். எண்ணிக்கை கைக்கு வந்ததும் எல்லா ஊர்ப் படகுகளும் பேசி ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இழுத்துப்போகும் ஒவ்வொன்றையும் அந்த ஓர் இடத்துக்கே கொண்டுபோங்கள். குட்டிகளைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.